வைத்தியராகாதவரும் புற்றுநோயை ஆராயலாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்கள் தங்கள் நாளிதழில் வருகின்றன. உயிரியல் பிரிவில் முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தின் கீழ், "வைத்தியராகி எமது மக்களுக்குச் சேவை செய்வதே எனது இலட்சியம்" என்ற வாக்கியம், பெயர் மட்டும் மாறி, ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் அச்சாகும். அந்த ஆசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வன்னியில் முப்பது ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்த நானும் அந்த வாக்கியத்தைப் பல பிள்ளைகளின் வாயில் போட்டவர்களுள் ஒருவன் என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன். ஆனால் அதே பெறுபேற்றுப் பட்டியலில், மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அவர்களுக்காகவே, கலங்களைப் பற்றிய படிப்பான கலவுயிரியலைத் துறையாகக் கொண்டு புற்றுநோயை ஆராய்ந்த போல் நேர்ஸ், கமல் ரணதிவே ஆகிய இருவரின் தொழில்வாழ்க்கையைத் தங்கள் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டிய சம்பவம் சிறியது. பெறுபேறு வந்த கிழமை, முன்னொரு காலத்தில் என்னிடம் படித்து இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கும் ஒருவர், மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து விசுவமடுவிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். மகள் இரண்டாம் முறையும் தோற்றி, இரண்டாம் முறையும் மருத்துவபீடத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளியையே பெற்றிருந்தாள். "மூண்டாந்தரமும் எடுக்கட்டோ சேர், இல்லாட்டி விட்டிட்டு ஏதாவது வேலைக்குப் போகட்டோ?" என்று தாய் கேட்டார். நான் தாய்க்கு விடை சொல்லாமல் பிள்ளையிடம், "நீ ஏன் பிள்ளை டொக்டராக வேணும்?" என்று கேட்டேன். மார்பகப் புற்றுநோய் வந்த தன் அம்மம்மா தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக நூறு கிலோமீற்றருக்கு மேல், வர அதேயளவு என்று பேருந்தில் அலைந்ததைப் பார்த்ததாகவும், இந்த நோய் ஏன் வருகிறது என்று அறிய வேண்டும் என அப்போதே நினைத்ததாகவும் அவள் சொன்னாள்.

ஏன் வருகிறது என்று அறிய விரும்புகிறவளுக்கு நாங்கள் இவ்வளவு காலமும் காட்டிவந்த வாசல் ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நோய்க்குச் சிகிச்சை செய்வது வைத்தியரின் பணி. அதன் அருமையை வன்னியில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கலம் எதனால் தன் ஒழுங்கை மறந்து பிரிந்துகொண்டே போகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுள் முன்னின்ற பலர் வைத்தியர்கள் அல்லர். ஒரு நோயாளிக்கும் மருந்து எழுதிக் கொடுக்காதவர்கள்.

அவர்களுள் ஒருவர் பிரித்தானியரான போல் நேர்ஸ். 1949இல் பிறந்த இவர், இலண்டனின் வடமேற்குப் பகுதியில், உணவுத் தொழிற்சாலையொன்றில் இயந்திரத் திருத்துநராக இருந்த தந்தையிடமும் துப்புரவு வேலைக்குப் போன தாயிடமும் வளர்ந்தார். அக்காலத்தில் அங்கே பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்குப் பிறமொழி ஒன்றிலும் சாதாரண தரச் சித்தி வேண்டியிருந்தது. இவர் பிரெஞ்சுப் பாடத்துக்கு ஆறு முறை தோற்றி ஆறு முறையும் சித்தியடையவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சாதாரண சித்திக்காகத் திரும்பத் திரும்ப விண்ணப்பம் நிரப்பும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகம் கைநழுவிய நிலையில், கின்னஸ் மதுவடி நிலையத்தோடு சேர்ந்த நுண்ணுயிரியல் ஆய்வுகூடமொன்றில் உதவியாளராக வேலைக்குப் போனார். பின்னர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பிறப்புரிமையியல் பேராசிரியர் ஒருவர் தலையிட்டு மொழி நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்றுக்கொடுத்ததனாலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1970இல் உயிரியலில் பட்டமும், 1973இல் கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். நிபந்தனையைத் தளர்த்தத் துணிந்த அந்தப் பேராசிரியரைப் போன்றவர்கள் எங்கள் கல்விப் பணிமனைகளில் எத்தனை பேர் என்ற கேள்வியை இங்கே எழுப்பி விடயத்தை விட்டு விலக நான் விரும்பவில்லை.

புற்றுநோய் ஆய்வாளர் என்று அறியப்படும் இவர் தமது தலையாய வேலையைப் புற்றுக்கட்டிகளில் செய்யவில்லை; மதுவத்தில் செய்தார். அப்பத்துக்கு மாக் குழைக்கும்போது எங்கள் வீடுகளில் கொஞ்சம் கள்ளு விடுவார்கள்; விடிய மாப் பொங்கியிருக்கும். அதைப் பொங்கவைக்கும் ஒற்றைக்கல உயிரிகளே மதுவங்கள். நேர்ஸ் தேர்ந்தெடுத்தது பிளவு மதுவம் என்ற இனம். கிழக்கு ஆபிரிக்காவின் தானியக் கள்ளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்ட இது, சுவாகிலி மொழியில் அந்தக் குடிபானத்துக்குரிய 'பொம்பே' என்ற சொல்லையே தன் விஞ்ஞானப் பெயரிலும் தாங்கியிருக்கிறது. கோல் வடிவான இந்த மதுவம் நீளத்தில் மட்டுமே வளர்ந்து, ஒரு குறித்த நீளத்தை எட்டியதும் நடுவில் பிளந்து இரண்டாகும். ஆகவே கலத்தின் நீளத்தை அளந்தாலே அது கலவட்டத்தின், அதாவது ஒரு கலம் வளர்ந்து இரண்டாகப் பிரியும் சுழற்சியின், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். கலப்பிரிவைப் படிக்க இதைவிட வாய்ப்பான உயிரி அரிது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஊர்ஸ் லியூப்போல்டிடம் இதன் பிறப்புரிமையியலைச் சில மாதங்கள் கற்றுக்கொண்டு, எடின்பரோவில் மேர்டொக் மிச்சிசனின் ஆய்வுகூடத்தில் இவர் சேர்ந்தார்.

அங்கே, வழக்கமான நீளத்தை எட்டும் முன்னரே பிரிந்துவிடும் குட்டைக் கலங்களைக் கண்டார். ஸ்கொட்லாந்துப் பேச்சில் சிறியதை 'வீ' என்பார்கள். அக்கலங்களுக்கும் அதுவே பெயராயிற்று. பிரிவதற்கு அவசரப்படும் கலம் என்பதன் பொருளைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். பிரிவை எப்போது தொடங்குவது என்று தீர்மானிக்கும் ஏதோவொன்று அக்கலத்தில் மாறிப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் கலவட்டத்தின் கடிவாளம் யார் கையில் என்பது தெரிந்துவிடும். பரம்பரையலகு (ஜீன்) மாறிப்போன இத்தகைய கலங்களை, அதாவது விகாரிகளை, அவர் நுணுக்குக்காட்டியில் தேடித்தேடிச் சேர்த்தார். சேர்த்தவை எல்லாம் ஒரே பரம்பரையலகின் விகாரங்களாகவே வந்து முடிந்தன. இன்னுமொரு விகாரி வளர்ந்த தட்டில் பங்கசு படிந்துவிட்டது. இதுவும் முந்தியவற்றைப் போலத்தான் இருக்கும் என்று எண்ணி அதைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், மனம் கேளாமல் அன்றே திரும்பிவந்து, அதைப் பொறுக்கியெடுத்துச் சுத்தமாக்கி ஆராய்ந்தார். அது வேறொரு பரம்பரையலகின் விகாரம். அந்தப் பரம்பரையலகின் பெயர் சிடிசி2. அது செயலிழந்தால் கலம் பிரியாது என்பது முன்னரே தெரிந்திருந்தது. இப்போது, இன்னொரு விதமாக அது மாறினால் கலம் முந்திப் பிரியும் என்பதும் தெரிந்தது. செயலிழந்தால் நிறுத்துவதும் உசாரானால் முடுக்குவதும் ஒன்றே என்றால் கடிவாளம் அதுவேதான். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது, பங்கசு பிடித்த தட்டை எறிந்ததற்கு ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

கள்ளில் வாழும் உயிரியின் கடிவாளத்துக்கும் முல்லைத்தீவில் ஓர் அம்மம்மாவுக்கு வந்த நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு 1987இல் விடை வந்தது. நேர்ஸ் அப்போது இலண்டனில் இம்பீரியல் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தில் இருந்தார். சிடிசி2 பழுதான, ஆகவே பிரிய முடியாமல் நின்ற மதுவக் கலங்களுக்குள் மனிதப் பரம்பரையலகுகளை அவரும் மெலனி லீ என்ற ஆய்வாளரும் செலுத்தினர். அவற்றுள் ஒன்றைப் பெற்ற மதுவம் மீண்டும் பிரியத் தொடங்கியது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு வழியில் கூர்ப்படைந்து வந்த இரண்டு உயிரிகளுள் ஒன்றின் பழுதை மற்றொன்றின் உதிரிப்பாகம் சரிசெய்துவிட்டது என்பதே இதன் பொருள். அறுபதுகளில் வந்த இறக்குமதி உழவு இயந்திரத்துக்கு இன்றைய பாகத்தைப் பொருத்தி ஓட்டும் கிளிநொச்சித் திருத்துநர்களுக்கு இதன் அதிசயம் நன்கு விளங்கும். பாகம் பொருந்துகிறது என்றால் இரண்டு பொறியின் வடிவமைப்பும் ஒன்றே.

இதே கேள்வியை வேறு முனைகளிலிருந்து இருவர் தொட்டிருந்தனர். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் லீலண்ட் ஹாட்வெல், அப்ப மாவைப் பொங்கவைக்கும் சாதாரண மதுவத்தைக் கொண்டே, கலவட்டத்தை நடத்தும் நூற்றுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளை இனங்கண்டார். பிரித்தானியரான ரிம் ஹன்ற், 1982இல், முட்கள் சிலிர்த்த கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் முன் சேர்ந்து பிரிவோடு அழிந்துவிடும் புரதம் ஒன்றைக் கண்டு அதற்குச் சைக்கிளின் என்று பெயரிட்டார். சைக்கிளின் வந்து சேரும்போதே சிடிசி2 உருவாக்கும் நொதியம் தொழிற்படுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. 2001ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஹாட்வெல் முன்வைத்த ஒரு கருத்தை மட்டும் வன்னி வாசகருக்கு விரித்துச் சொல்ல வேண்டும். கலவட்டத்தில் சோதனைச்சாவடிகள் உள்ளன என்றார் அவர். கதிர்வீச்சினாலோ வேறு காரணத்தாலோ டி.என்.ஏ. சேதமடைந்தால் கலம் அந்த இடத்தில் நின்று, சேதத்தைத் திருத்திய பின்னரே அடுத்த கட்டத்துக்குப் போகும். திருத்த முடியாவிட்டால் பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சாவடி பழுதான கலமோ சேதத்தைச் சுமந்துகொண்டே பிரியும். அதன் பிள்ளைக் கலங்களும் அப்படியே. புற்றுநோயின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. போர்க்காலத்தில் ஓமந்தையிலும் முகமாலையிலும் வெயிலில் வரிசையில் நின்று கடந்தவர்களுக்குச் சோதனைச்சாவடி என்ற சொல் இனிக்காது என்பதை அறிவேன். நான் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். கலத்துக்குள் இருப்பது மட்டும் காக்கும் சாவடி என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறேன்.

நேர்ஸின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒக்ஸ்போர்டில் பேராசிரியர், தாம் பணியாற்றிய அதே புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் தலைவர், நியூயோர்க்கில் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் தலைவர், 2010 முதல் 2015 வரை றோயல் சங்கத்தின் தலைவர், இலண்டனில் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் பணிப்பாளர் என்று பதவிகள் தொடர்ந்தன. அமெரிக்காவில் நிரந்தர வதிவிட அனுமதி கேட்டபோது, பெற்றோரின் பெயரில்லாத அவரது சுருக்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அதிகாரிகள் ஏற்கவில்லை. முழுப் பத்திரத்தை வருவித்துப் பார்த்ததும், தாம் அக்கா என்று எண்ணியிருந்தவரே தம்மைப் பெற்றவர் என்பதும், பெற்றோராக எண்ணியிருந்தவர்கள் அவரைப் பெற்றவரின் பெற்றோர் என்பதும் தெரியவந்தன. பரம்பரையலகுகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவருக்குத் தம் சொந்தப் பரம்பரை அறுபதை நெருங்கும் வயதில்தான் தெரிந்தது. இடப்பெயர்வுகளில் தொலைந்த பத்திரங்களுக்காகப் பிரதேச செயலகப் படிகளில் ஏறி இறங்கிய எங்களுக்கு ஒரு கடதாசியின் கனம் தெரியும் என்பதனால் இதையும் சொன்னேன்.

மதுவத்தை ஆராய்ந்து நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்போர் உண்டு. சிடிசி2இன் நெருங்கிய உறவான இரண்டு நொதியங்களைத் தடுக்கும் பல்போசிக்லிப் என்ற மருந்து, ஓமோனுக்குத் துலங்கும் ஒருவகை முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கென 2015இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. எடின்பரோவில் மதுவத்தை அளக்கத் தொடங்கியதற்கும் அந்த மாத்திரைக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இந்தக் கணக்கை மறைத்து எந்தப் பிள்ளையையும் இத்துறைக்கு அழைக்கக் கூடாது. இன்னொரு பக்கம், எங்கள் வேலியோரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் பட்டிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். நீரிழிவுக்குக் குணமளிக்குமா என்று பார்ப்பதற்காக யமேய்க்காவிலிருந்து வந்த அதன் இலையை 1950களில் கனடாவில் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் ஆராய்ந்தனர். சீனி குறையவில்லை, வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்ரினும், அச்செடியிலிருந்தே பெறப்படும் வின்கிறிஸ்ரினும் இன்றும் புற்றுநோய் மருந்துகளாக உள்ளன. பின்னது சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுவது. பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் நார்கள் உருவாகவிடாமல் தடுத்துக் கலப்பிரிவை இடைநடுவில் நிறுத்துவதே இவற்றின் வேலை. உயர்தரப் பாடப்புத்தகத்தில் அனுவவத்தை எனப்படும் கலப்பிரிவுக் கட்டத்தின் படத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்தப் படத்திலுள்ள நார்களை நிறுத்தும் மருந்து தன் வீட்டு முற்றத்துச் செடியில் இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்லிக்கொடுத்தோம்?

அன்றாடம் இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அந்தத் தாய் கேட்டார். வெளிநாடொன்றில் கலாநிதிப் பட்டத்துக்காகக் கல வளர்ப்பில் ஈடுபட்டிருக்கும் என் பழைய மாணவி ஒருவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். உடலின் வெப்பமான 37 பாகை செல்சியசில், ஐந்து சதவீதக் காபனீரொட்சைட்டு உள்ள பெட்டியில், போசணைத் திரவத்தில் கலங்கள் வளர்கின்றன. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். பொங்கலென்றும் தீபாவளியென்றும் கலங்களுக்குத் தெரியாது. கையுறையோடு மூச்சையும் அடக்கி வேலை செய்தாலும் எங்கிருந்தோ ஒரு பங்கசு புகுந்து மூன்று மாத உழைப்பை ஒரு வார இறுதியில் தின்றுவிடும். மிச்சக் கலங்களை மறை 196 பாகையிலுள்ள திரவ நைதரசனில் உறங்கவைப்பார்கள். "மாடு வளர்க்கிறதும் இதுவும் ஒண்டுதான் சேர், லீவெடுக்கேலாது" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது, பால் கறக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைதான் இப்படிச் சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரரின் வாழ்க்கையைக் காட்டி எங்கள் பெண்பிள்ளைகளை எப்படி அழைப்பது என்று கேட்பவர்களுக்குக் கமல் ரணதிவேயை நினைவூட்டுகிறேன். 1917இல் பூனாவில் பிறந்த இவரை வைத்தியராக்கவும் ஒரு வைத்தியருக்கே மணமுடித்துக் கொடுக்கவும் தந்தை விரும்பினார். மகள் இரண்டையும் செய்யவில்லை. தாவரவியலும் விலங்கியலும் படித்தார். கணிதத் துறையைச் சேர்ந்தவரை மணந்தார். அன்னமுன்னாக் குடும்பத்துத் தாவரங்களின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்து 1943இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் பம்பாயில் நோயியலாளர் கானோல்கரின் வழிகாட்டலில் 1949இல் கலாநிதியானார். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கையின் ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பைக் கற்றார். 1951இல் ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள், அவரது சம்மதம் கேட்கப்படாமலே எடுக்கப்பட்டு, உலகெங்கும் இன்றுவரை வளரும் ஹீலா கலங்களாக ஆனதும் அதே ஆய்வுகூடத்தில்தான். இத்துறைக்கு வரும் பிள்ளை அந்தப் பெண்ணின் பெயரையும் தெரிந்துகொண்டே வரவேண்டும்.

ரணதிவே அங்கேயே தங்கிவிடவில்லை. பம்பாய்க்குத் திரும்பி, இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியாவின் முதலாவது இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தை நிறுவினார். மார்பகப் புற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் தொடர்பு உண்டு என்று முன்கூட்டியே சொன்னவர்களுள் ஒருவரானார். 1973இல் சக விஞ்ஞானிகளோடு சேர்ந்து இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கினார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். இளைப்பாறிய பின் மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் பழங்குடிப் பிள்ளைகளின் போசணையைக் கவனிக்கப் போனார். பதவிகளின் எண்ணிக்கையில் நேர்ஸ் பெரியவராக இருக்கலாம். எங்கள் நிலைமைக்கு எடுத்துக்காட்டாக நான் தெரிவுசெய்வதானால் இல்லாத ஆய்வுகூடத்தை உண்டாக்கிய இந்தப் பெண்மணியைத்தான் தெரிவுசெய்வேன்.

வன்னிப் பிள்ளைக்கு வழி உண்டா என்றால், உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களாகக் கொள்ளப்படுபவை. மருத்துவத்துக்குப் போதாத புள்ளி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்துக்கோ, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்துக்கோ, பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் படிக்கவோ போதுமானதாக இருக்கலாம். அதன் பின் சிறப்புப் பட்டம், ஆய்வுப் பட்டம் என்று பத்து ஆண்டுகள் எடுக்கும். ஆங்கிலம் இல்லாமல் நடக்காது. நிரந்தர வேலை தாமதமாகவே வரும். புலமைப்பரிசில் பணம் கட்டட ஒப்பந்தக்காரரின் வருமானத்துக்கு ஈடாகாது. கலியாணப் பேச்சில் "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்டால் "கலம் வளர்க்கிறா" என்றா சொல்வது என்று அந்தத் தாய் கேட்டார், அதற்கு என்னிடமும் விடை இருக்கவில்லை. ஆய்வுப்பொருளைத் தேடி மட்டும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு எங்கள் கிராமங்களில் எத்தனை? வாயின் உட்தோலிலுள்ள கலங்களுக்குப் பாக்கு என்ன செய்கிறது என்று அறிய, பாக்குச் சப்பும் ஊரில் பிறந்தவளைவிட அக்கறையுள்ளவர் யார்?

இனி என் சொந்தக் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். மின்சாரமும் இரசாயனப் பொருட்களும் இல்லாத தொண்ணூறுகளில், நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, வெங்காய வேர்முனையில் கலப்பிரிவைக் காட்டியிருக்கிறேன்; ஒரு நுணுக்குக்காட்டியைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். பிற்காலத்தில் நான் படிப்பித்த பாடசாலையொன்றுக்கு உதவி நிறுவனமொன்று ஆறு புதிய நுணுக்குக்காட்டிகள் கொடுத்தது. கணக்கெடுப்பில் ஒன்று உடைந்திருந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். திறப்பு என் கையில்தான் இருந்தது. மேலதிகாரிகள் வரும் நாளில் துடைத்து மேசையில் வைப்போம், போனதும் பூட்டுவோம். நாற்பது பேருக்கு ஒன்று இருந்த காலத்தில் பார்த்த பிள்ளைகளைவிட, ஆறு இருந்த காலத்தில் பார்த்த பிள்ளைகள் குறைவு. இன்றும் பல பாடசாலைகளில் இதே நிலைமை என்று இளைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அடுத்த பெறுபேற்றுக் காலத்தில், முதலிடங்களின் படங்களுக்குப் பக்கத்திலேயே, உயிரியல் பிரிவில் சித்தியடைந்தும் மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கற்கைநெறிகளை, எந்தப் பல்கலைக்கழகத்தில் எது என்ற விபரத்தோடு, அரைப் பக்கமாவது வெளியிடுங்கள். மாதத்தில் ஒரு முறையாவது விஞ்ஞான ஆய்வாளர் ஒருவரின் வேலையைப் பற்றி, பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் கலைச்சொற்களிலேயே எழுதுவியுங்கள். எழுதக்கூடியவர்கள் எங்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பாவனையில் உடைந்த நுணுக்குக்காட்டிக்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்று ஒரு சுற்றுநிருபம் அனுப்பிவிட்டால் அலுமாரிகள் தாமாகத் திறக்கும்.

அந்தப் பிள்ளை மூன்றாம் முறை தோற்றுவதா, விஞ்ஞானபீடத்துக்கு விண்ணப்பிப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அதை நான் எடுத்துக்கொடுக்கவும் மாட்டேன். உயர்தர வகுப்பில் படித்த இத்தனை ஆண்டுகளிலும் பிரியும் கலமொன்றைத் தன் கண்ணால் பார்த்ததில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பெரும் மனக்குறையாக இருந்தது. அயற்பாடசாலையின் அதிபர் ஒரு நாளைக்கு நுணுக்குக்காட்டி இரவல் தர இணங்கியிருக்கிறார். தண்ணீர் நிறைத்த தம்ளரின் வாயில் மூன்று சின்ன வெங்காயங்களை வைத்திருக்கிறேன். வேர் இரண்டு சென்ரிமீற்றர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் வரச்சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
விசுவமடு.